பல்கலைக்கழகக் கட்டடங்களும் மின்சாரச் சிக்கனமும்

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் நூல்நிலையமும் விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் கட்டடங்களைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவை கட்டி முடிந்தால் செலவும் முடிந்தது என்றே எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஒரு கட்டடத்தை எழுப்புவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்கின்றன. அதன்பின் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு அதற்கு நாள்தோறும் தீனி போடவேண்டியிருக்கிறது. வெளிச்சம், காற்று, குளிர்ச்சி, மேல்தொட்டிக்கு ஏற்றும் நீர் ஆகிய யாவும் மின்சாரத்தினாலேயே அதற்குக் கிடைக்கின்றன. அந்தத் தீனி எவ்வளவு என்பது பெரும்பாலும் அத்திவாரம் வெட்டுமுன்னரே, வரைபடம் கீறும் மேசையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அதனைக் குறைப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது பொறியியலாளர் கவனிக்கவேண்டிய விடயம். நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். இலவசக் கல்வித் திட்டம் 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நாள்முதல் இந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களைத் தாங்கி வருவோர் வரி செலுத்தும் பொதுமக்களே. பூட்டிய அறையில் வீணே எரியும் விளக்குக்கும் அவர்களே பணம் கொடுக்கிறார்கள். அவ்வாறு போகும் ஒவ்வொரு ரூபாவும் ஒரு நூலுக்கோ, ஓர் ஆய்வுக் கருவிக்கோ, ஒரு வறிய மாணவனின் உதவிப் பணத்துக்கோ சேரவேண்டிய ரூபாவாகும்.

நமது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்று நோக்குதல் வேண்டும். இத்தீவின் ஆற்றுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதைக் கணக்கிட்டு 1918 ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திரா. அவர் கண்ட கனவு நனவாகி, இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். அதன்பின் பல ஆண்டுகள் நமது மின்சாரத்தின் பெரும்பகுதி மழையின் கொடையாகவே இருந்தது. மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை 1996 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நமக்கு உணர்த்தியது. பின்னர் எண்ணெயை நாடினோம், நிலக்கரியையும் நாடினோம். நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் மொத்த ஆற்றல் 900 மெகாவாற்று. அங்கு எரியும் நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது. வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்குவது. எரியும்போது புவியை வெப்பமாக்கும் வாயுவை வானில் விடுவது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 ஆம் ஆண்டில், மார்ச்சு மாத இறுதியில், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை நாடு இருளில் கிடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலும் அடுத்த ஆண்டு பெப்ரவரியிலும் மின்கட்டணம் இருமுறை பெரிதும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டதெனினும், மின்சாரம் மலிவானதன்று என்ற பாடத்தை நாடு அப்போதே படித்துவிட்டது. அப்பாடத்தை நமது கட்டடங்கள் படித்தனவா என்பதே கேள்வி.

கட்டடக் கலையின் முதற் பாடம் சூரியனைப் பற்றியது. நமது தீவு வட அகலக்கோடு ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளது. ஏப்பிரல் மாதத்தின் முற்பகுதியிலும், ஆகஸ்டு இறுதி முதல் செப்டெம்பர் தொடக்கம் வரையிலுமாக, ஆண்டில் இருமுறை நண்பகற் சூரியன் நமது உச்சிக்கு நேரே நிற்கிறது. டிசெம்பர் மாதத்திற்கூட நண்பகலில் அது தொடுவானிலிருந்து 55 பாகைக்கு மேலேயே இருக்கும். ஆதலின் தெற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் வெயிலிலிருந்து காப்பது எளிது. மூன்றடி நீண்ட தாழ்வாரம் ஒன்று அவ்வேலையைச் செய்துவிடும். கிழக்கும் மேற்கும் அத்தகையன அல்ல. பிற்பகல் நான்கு மணிக்குச் சூரியன் தாழ்ந்து நின்று மேற்குச் சாளரத்தின் வழியே அறையின் அடிச்சுவர் வரை வெயிலைப் பாய்ச்சும். எவ்வளவு நீண்ட தாழ்வாரமும் அதனைத் தடுக்கமாட்டாது.

இதிலிருந்து பெறப்படும் விதி என்ன? கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமையவேண்டும். சாளரங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கவேண்டும். படிக்கட்டு, களஞ்சிய அறை, கழிப்பறை போன்றவற்றைக் கிழக்கு மேற்கு முனைகளில் வைத்து, அவற்றை வெயிலுக்குக் கேடயமாக்கவேண்டும். இவ்விதியைப் பின்பற்றுவதற்கு ஒரு சதமேனும் மேலதிகச் செலவில்லை. மனையைச் சரியான திசைக்குத் திருப்பிவைத்தால் போதும்.

இரண்டாவது பாடம் காற்றைப் பற்றியது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் வாடை என்றும் காற்றுக்குப் பெயரிட்டு வைத்தது வீணுக்கன்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிறது. மாரிகாலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வருகிறது. அறையின் ஒரு பக்கத்தில் மாத்திரம் சாளரம் இருந்தால் காற்று வாயிலில் நின்று திரும்பிவிடும். எதிர்ப்பக்கத்திலும் வழி இருந்தாலே உள்ளே புகுந்து வெளியேறும். நமது நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் திண்ணையும் உயர்ந்த கூரையும் இந்த அறிவிலிருந்து பிறந்தவை. முற்றத்து வெப்பக் காற்று மேலெழ, நிழற்பக்கத்துக் குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வருகிறது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் பௌதிகவியல் படித்தவர்களல்லர். ஆனால் வேனிற்காலத்தில் அவ்வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்கள்.

வீட்டுக்குப் பொருந்துவது பல்லாயிரம் மாணவர் பயிலும் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமா என்று ஐயுறவேண்டியதில்லை. நமது நாட்டிலேயே இரண்டு பெரிய சான்றுகள் உள்ளன. முதலாவது பேராதனை. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம், ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து அங்கு குடியேறத் தொடங்கியது. அந்த வளாகத்தின் பொதுத் திட்டத்தை வகுத்தவர் பற்றிக் அபர்குரொம்பி. அதற்குத் துணைநின்றவர் கிளிபர்ட் ஹொலிடே. கட்டடங்களுக்கு உருக்கொடுத்த கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். அந்தானை மலைச் சாரலுக்கும் மகாவலி கங்கைக்கும் நடுவே, ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில், நிலத்தின் ஏற்றவிறக்கத்தைக் கெடுக்காமல் கட்டடங்கள் பரப்பிவைக்கப்பட்டன. நீண்ட தாழ்வாரங்களும், தூண்கள் தாங்கிய திறந்த மண்டபங்களும், சரிந்த கூரைகளும், அகன்ற மரநிழலும் அங்கு அழகுக்காக மாத்திரம் அமைந்தவையல்ல; மலைநாட்டு மழையையும் வெயிலையும் தடுத்து, காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விடுபவை. மலைச் சரிவையே இருக்கைகளாகக் கொண்ட திறந்தவெளி அரங்கு அங்கு உண்டு. அதற்குக் கூரையும் வேண்டியதில்லை, குளிரூட்டியும் வேண்டியதில்லை.

பேராதனை மலைநாடு, அங்கு இயற்கையே குளிர்ந்தது என்பார்க்கு இரண்டாவது சான்று விடையளிக்கும். தென்கரையில், மாத்தறைக்கு அருகே வெல்லமடமையில், உறுகுணைப் பல்கலைக்கழகம் 1980 களில் கட்டப்பட்டது. அதனை அமைத்தவர் ஜெப்ரி பாவா. கடலோரத்து வெயிலும் உப்புக்காற்றும் நிறைந்த குன்றுகள் அவருக்குக் கிடைத்தன. குன்றை வெட்டிச் சமனாக்கி ஒரே பெருங்கட்டடத்தை அங்கே நிறுத்த அவர் விரும்பவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டடங்களை நிலத்தின் போக்கிலேயே அமைத்து, வெயில் குறைவாகப் படுமாறு திசை நோக்கி வைத்து, கூரையிட்ட நடைவழிகளால் ஒன்றோடொன்று இணைத்தார். ஓடு வேய்ந்த கூரை, வெள்ளைச் சுவர், கட்டடங்களுக்கிடையே முற்றம் என, பொருள்கள் எளியவை, நம்மவர் பழகியவை. ஒரு கட்டடம் மற்றொன்றின்மேல் நிழல் வீசுகிறது. இடைவெளிகளில் கடற்காற்று உலாவுகிறது.

இத்தகைய முன்மாதிரிகள் இருந்தும், பின்னாளிற் கட்டப்பட்ட கட்டடங்கள் பல வேறு வழியிற் சென்றன. கண்ணாடிச் சுவர், தட்டையான கொங்கிறீற்றுக் கூரை, திறக்கமுடியாத சாளரம் என்பன புதுமையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே பிறந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அவ்வாறு நாமே உள்ளே அழைத்த வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டிகளைப் பொருத்துகிறோம். வெயிலின் கூச்சத்தைத் தாங்காமல் திரையை இழுத்துவிடுகிறோம். அறை இருண்டுபோகவே, நண்பகலில் மின்விளக்கை ஏற்றுகிறோம். வெளியே வானம் மேகமூட்டமாக இருக்கும்போதும் 10,000 இலக்சு அளவு வெளிச்சம் உண்டு. வாசிக்கும் மேசைக்கு வேண்டியது 300 முதல் 500 இலக்சு வரை மாத்திரமே. வாயிலில் வந்து நிற்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெளிநாட்டு நிலக்கரியில் விளக்கேற்றுவது எவ்வகை நியாயம்?

குளிரூட்டியே கூடாது என்பது என் கருத்தன்று. நுண்ணிய ஆய்வுக் கருவிகளுக்கும், கணினித் தொகுதிகளுக்கும், பழைய ஏட்டுச்சுவடிகளைப் பேணும் அறைகளுக்கும் வெப்பமும் ஈரப்பதனும் கட்டுக்குள் இருத்தல் அவசியம். அத்தேவையுள்ள அறைகளை ஒரு பக்கமாகச் சேர்த்துவைத்து, ஏனையவற்றைத் திறந்த அறைகளாக விடுவதே முறை. ஒரு களஞ்சிய அறைக்கு வேண்டியதற்காக நூல்நிலையம் முழுவதையும் குளிரூட்டவேண்டியதில்லை.

இனி, ஏற்கனவே கட்டி முடித்த கட்டடங்களை என்செய்வது? அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவது சிக்கனமாகாது. உலகில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 பங்களவு சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. நிற்கும் கட்டடத்தின் சீமெந்துக்குரிய புகை ஏற்கனவே வானேறிவிட்டது. அதனை இடித்தால் அதே புகையை மீண்டும் ஒருமுறை எழுப்பவேண்டியிருக்கும். ஆகவே இருப்பதைத் திருத்துவதே அறிவுடைமை. அத்திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலிற் செய்யவேண்டியது அளத்தல். வளாகம் முழுவதற்கும் ஒரே மின்மானி இருந்தால், எந்தக் கட்டடம் எவ்வளவு உண்கிறது என்பதை எவரும் அறியமாட்டார். கட்டடத்துக்கு ஒரு மின்மானி வைத்து, நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது காட்டும் அளவைப் பார்க்கவேண்டும். ஆளில்லாத நேரத்தில் ஓடும் மின்சாரமே முதலில் நிறுத்தவேண்டிய மின்சாரம்.

இரண்டாவது, வெப்பம் உள்ளே வருவதைத் தடுத்தல். நமது நாட்டில் மிகுதியான வெயிலை ஏற்பது கூரையே. கருமையான கூரை தன்மேற் படும் வெயிலில் மிகப் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல வெள்ளைப் பூச்சுப் பூசிய கூரை அதன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்பு நின்றால், உள்ளே ஒரு குளிரூட்டியின் வேலை குறையும்.

மூன்றாவது, கருவிகளை மாற்றுதல். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு விரிவுரை மண்டபத்தில் பழைய குழல்விளக்குகள் 24 உள்ளன என்று கொள்வோம். துணைக்கருவியையும் சேர்த்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 வாற்று உண்ணும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 10.8 அலகு செல்லும். அவற்றை 18 வாற்று எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றினால் 4.3 அலகு போதும். சாளரத்தை ஒட்டிய வரிசைகளுக்குத் தனி ஆளி பொருத்தி, பகலில் அரைவாசி விளக்குகளை அணைத்துவைத்தால் ஏறத்தாழ 2 அலகுடன் காரியம் முடியும். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே பாடம் நடைபெறுகிறது. மின்விசிறியும் அவ்வாறே. பழையது ஏறத்தாழ 75 வாற்று உண்ணும். புதிய வகை 30 வாற்றளவில் அதே காற்றைத் தரும். அம்மண்டபத்திலேயே இரண்டரைக் கிலோவாற்றுக் குளிரூட்டிகள் நான்கு முழு அளவில் இயங்கினால், ஒரே மணி நேரத்தில் 10 அலகு செலவாகிவிடும். பழைய விளக்குகள் ஒரு நாள் முழுவதும் உண்பதை ஏறத்தாழ இவை ஒரு மணியில் உண்டுவிடுகின்றன.

குளிரூட்டி இன்றியமையாத இடத்தில் அதன் வெப்பநிலையை 18 பாகையில் வைத்துக் கம்பளி உடுத்து அமர்வது நாகரிகமன்று. மின்விசிறி எழுப்பும் காற்றோட்டத்தில், அறையின் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோல் உடல் உணர்கிறது. 26 பாகையில் குளிரூட்டியை நிறுத்தி, மெல்ல விசிறியைச் சுழலவிட்டால் உடலுக்குக் குறையொன்றுமில்லை. இந்தியாவில் 2020 சனவரி முதல், விற்பனைக்கு வரும் அறைக் குளிரூட்டிகள் இயக்கத் தொடங்கும்போது 24 பாகையிலேயே நிற்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது.

நான்காவதாகவே சூரிய மின்சாரத்தைச் சொல்கிறேன். பலர் இதனை முதலாவதாகச் சொல்வர். கூரையில் மின்தகடுகளைப் பரப்பிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். ஒரு கிலோவாற்றுத் தகடு நமது வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகுவரை தரும். பல்கலைக்கழகத்தின் தேவை பெரும்பாலும் பகற்பொழுதிலேயே எழுவதால் இது மிகவும் பொருத்தமானதே. தகட்டின் நிழலாற் கூரையும் சற்றுக் குளிரும். ஆயினும் வீணாக்கும் கட்டடத்தின்மேல் தகடு பரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். தேவையை அரைவாசியாக்கிய பின்னர் பரப்பினால் அரைவாசித் தகடு போதும். மேலும் வெயில் மிகுந்த நேரமும் தேவை மிகுந்த நேரமும் எப்போதும் ஒன்றாவதில்லை. 2025 ஏப்பிரலில், புத்தாண்டு விடுமுறையால் நாட்டின் தேவை குறைந்திருந்தபோது, கூரைமேற் சூரியத் தொகுதிகளைப் பிற்பகல் வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே மக்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுவதும், மாணவர் விடுதிகளில் விளக்கேறும் மாலையில் போதாமற் போவதும் இம்மின்சாரத்தின் இயல்பு. ஆதலின் நீரேற்றும் பொறிகளை நண்பகலில் இயக்கித் தொட்டியை நிரப்பிவைப்பது முதலிய ஒழுங்குகளும், இயலுமாயின் சேமகலங்களும், தகட்டோடு சேர்ந்து வரவேண்டும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்யப்படுவதில்லை? இதற்கு அறியாமை மாத்திரம் காரணமன்று. அரசாங்கக் கணக்கில் மூலதனச் செலவு என்றும் மீண்டெழும் செலவு என்றும் இரு பிரிவுகள் உண்டு. கட்டடம் முதலாவதிலிருந்து எழுகிறது. மின்கட்டணம் இரண்டாவதிலிருந்து செலுத்தப்படுகிறது. தாழ்வாரத்தின் நீளத்தை ஓரடி குறைத்துக் கட்டடச் செலவைச் சுருக்கியவருக்கு அன்றே பாராட்டுக் கிடைக்கும். அந்த ஓரடியால் ஏறும் மின்கட்டணம் அரைநூற்றாண்டுக்கு வேறொருவர் கணக்கில் விழும். கட்டுபவர் ஒருவர், பணம் செலுத்துபவர் மற்றொருவர், ஆளியை அழுத்துபவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஆகவே புதிய கட்டடத்துக்கு அனுமதி வழங்குமுன், கட்டுசெலவோடு முப்பது ஆண்டு மின்செலவையும் கூட்டிக் காட்டவேண்டும் என்ற நியதி ஏற்படுதல் நன்று. குறைந்த விலை கோரியது எது என்ற கேள்விக்குப் பதிலாக, முடிவில் மலிவானது எது என்று அப்போது கேட்போம். ஒவ்வொரு பீடத்துக்கும் அதன் மின்செலவைத் திங்கள்தோறும் அறிவித்து, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை அப்பீடத்தின் நூல்நிலையத்துக்கே கொடுத்தால், விளக்கை அணைக்கும் கைகள் தாமாகவே தோன்றும்.

இவ்வேலையில் பல்கலைக்கழகத்துக்கு வேறெந்த நிறுவனத்துக்கும் இல்லாத வாய்ப்பொன்றுண்டு. அங்கே பொறியியல் மாணவர் இருக்கிறார்கள். மின்மானியை அவர்கள் வாசிக்கலாம். புவியியல் மாணவர் வெயிலையும் காற்றையும் அளக்கலாம். பொருளியல் மாணவர் செலவைக் கணக்கிடலாம். தம் தலைக்கு மேலுள்ள கூரையையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவன், நாளை ஒரு வைத்தியசாலையையோ பாடசாலையையோ அரச அலுவலகத்தையோ கட்டும் பொறுப்புக்கு வரும்போது தான் கற்றதைக் கொண்டுசெல்வான். ஒரு வளாகத்தின் மின்கட்டணம் குறைவது சிறிய நன்மை. அங்கிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் வெயிலின் திசையறிந்து கட்டப் பழகுவது பெரிய நன்மை.

நேயர்களே, உங்கள் ஊரிலே பாடசாலைக்கோ நூல்நிலையத்துக்கோ புதிய கட்டடம் எழுமானால், அடிக்கல் நாட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: சாளரங்கள் எத்திசையை நோக்குகின்றன? மாதந்தோறும் மின்கட்டணம் எவ்வளவு வரும்? அவற்றுக்கு விடை தயாராக இல்லையெனின், வரைபடத்தை ஒருமுறை திருப்பிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். தாளிலே திருத்துவதற்கு ஓர் அழிப்பான் போதும்.